மேட்டுக்குச் செடி பார்த்த கதை

ஊசிக்கரட்டுக்காரர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. அதை அவர்களே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடி செய்வார்கள், அவ்வளவுதான். சொன்னதற்கு ஒரு பிடி கூடவும் செய்வதில்லை, குறைக்கவும் மாட்டார்கள். மலைக்கு மேலே சாலை முடிகிற இடத்தில் நாற்பது வீடுகள். மார்கழி பிறந்துவிட்டால் விடியும்போது உப்புத் தூவியதுபோல எங்கும் பனி உறைந்து கிடக்கும். அந்தக் குளிரில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் யோசித்துப் பார்ப்பதென்பது லேசான காரியம் இல்லை.

அந்த ஊரில் புத்தியுள்ள ஆள் தான் ஒருத்திதான் என்று பூவாயி நினைத்திருந்தாள். மற்ற முப்பத்தொன்பது வீட்டிலும் அவரவர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

பூவாயிக்கு டீக்கடை. சாலை முடிகிற இடத்தில் பஸ் திரும்புவதற்கு ஒரு வெட்டவெளி. அதன் ஓரத்தில் கடை. நாளைக்கு ஒரே ஒரு பஸ். பதினோரு மணிக்கு வந்து இருபது நிமிஷம் நிற்கும். அந்த இருபது நிமிஷம்தான் கடை. மீதிப் பொழுதெல்லாம் அடுப்பும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைக்கு எதிரே, பாறையில் சாய்ந்தபடி, இரண்டாள் உயரத்துக்கு ஒரு மண்மேடு. ஐப்பசி மழையில் அது பாதி சரிந்து வந்து பஸ் திரும்புகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வந்த வழியே திரும்பிப் போய்விடும் என்று ஊர் பத்து நாள் காத்திருந்தது. பதினோராம் நாள்தான் மண்வெட்டி எடுத்தார்கள்.

கார்த்திகையில் ரோட்டு இன்ஜினியர் அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். மேட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"இது மொட்டையா இருக்கிறதுதான் பிரச்சினை. இந்தக் குளிரைத் தாங்குற செடியா, சீக்கிரமாப் பரவுற செடியாப் பார்த்து வைங்க. வேர் மண்ணைப் பிடிச்சுக்கும். பங்குனி முதல் தேதி வருவேன். அன்னைக்கு இந்த மேடு பச்சையா இருக்கணும். இல்லைன்னா சித்திரை மழைக்கு நான் பஸ்ஸை மேல விட மாட்டேன். கடைசி வளைவோட திருப்பிக்கச் சொல்லிருவேன்."

கடைசி வளைவு ஊருக்குக் கீழே அரை மைல். அங்கே ஒரு டீக்கடை உண்டு. அது பூவாயியின் நாத்தனார் செல்லக்கிளியுடையது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காதுகுத்து விசேஷத்தில், "மதினி, இஞ்சி தட்டிப் போட்டீங்களா, இல்லை இஞ்சிக்குக் காட்டி எடுத்தீங்களா?" என்று பூவாயியின் டீயைக் கையில் வைத்துக்கொண்டு செல்லக்கிளி கேட்டாள். அன்றிலிருந்து பேச்சில்லை. தினமும் பஸ் செல்லக்கிளியின் கடையில் நிற்காமல் அவளைத் தாண்டி மேலே ஏறுவதைப் பூவாயி இங்கிருந்தே பார்ப்பாள். நாளுக்கு ஒரு தடவை கிடைக்கிற சந்தோஷம் அது. இனி அந்த பஸ் செல்லக்கிளியின் வாசலில் இருபது நிமிஷம் நிற்கும் என்றால், பூவாயி கடையை மூட வேண்டியதுதான். கடையை மூடுவதுகூடப் பரவாயில்லை. அரை மைல் கீழே போய்ச் செல்லக்கிளி கடை வாசலில் பஸ் ஏற வேண்டும்.

அன்றைக்கே பெஞ்சில் கமிட்டி கூடியது. தவசிமுத்து தலைவர், ஏனென்றால் அவரிடம் விசில் இருந்தது. சடையாண்டி செயலாளர், அவனிடம் பேனா இருந்தது. மொக்கையன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததால் உறுப்பினர். பெஞ்சு பூவாயியுடையது என்பதால் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

"நம்ம ஊர்லதான் செடி இருக்கே. அதுல ஒண்ணை வச்சா என்ன?" என்றார் மொக்கையன்.

"மேடம் என்ன சொன்னாங்க? பார்த்து வைக்கச் சொன்னாங்க," என்றார் தவசிமுத்து. "நம்ம ஊர்ச் செடியை ஏற்கெனவே பார்த்தாச்சு. புதுசாத்தான் பார்க்கணும்."

இதில் இருந்த நியாயம் பூவாயிக்குப் பிடித்திருந்தது. நால்வரும் கீழே டவுனுக்குப் போனார்கள்.

டவுனில் செபஸ்தியான் நாற்றுப்பண்ணை வைத்திருந்தார். ஊசிக்கரட்டுக்காரர்களை அவருக்கு முன்பே தெரியும். போன வருஷம் முட்டைக்கோஸ் நாற்று வாங்கிப் போனவர்கள் "நிழல்ல வைங்க" என்று அவர் சொன்னதைக் கேட்டு, வெயில் நகர நகர நாற்றையும் நகர்த்திக்கொண்டே போய்ப் பக்கத்து ஊர் எல்லையில் வைத்துவிட்டு வந்தார்கள். அதனால் இந்த முறை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, பனியில கருகக் கூடாது. ரெண்டு, வேகமாப் பரவணும். மூணு, வேர் மண்ணைக் கெட்டியாப் பிடிக்கணும். உங்க மண்ணுக்கு எது சரிவரும்னு எனக்கே நிச்சயமாத் தெரியாது. நாலு வகை தர்றேன். வரிசையா வச்சு ஒரு மாசம் பாருங்க. எது முந்துதோ அதை மேட்டுல நடுங்க."

புதினா, வல்லாரை, ஸ்ட்ராபெரி, ஒரு புல் என்று நான்கு தொட்டிகளை எடுத்து வைத்தார். புல் தொட்டியைத் தூக்கின மொக்கையனிடம் மட்டும் தனியாகச் சொன்னார்:

"இது கிக்குயு புல்லு. இது மேல ஒரு கண்ணு இருக்கட்டும். அசந்தா வீட்டுக்குள்ள வந்திரும்."

மொக்கையன் பஸ்ஸில் அந்தத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு இமைக்காமல் வந்தார். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோதும் திரும்பவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. யாரோ அவருக்கு வேண்டியவர்கள் தவறிவிட்டார்கள் என்று நினைத்த கண்டக்டர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் கடைக்குப் பக்கத்தில் தரையைக் கொத்திச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்கள். கோட்டின் மேல் நான்கு செடியும். ஒரு முழம் தள்ளி இன்னொரு கோடு. சடையாண்டி ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு குச்சியில் நம்பர் எழுதி நட்டான். தவசிமுத்து விசில் ஊதினார்.

நான்கு செடியும் அப்படியே நின்றன.

"காது கேட்கலையோ?" என்றார் மொக்கையன். தவசிமுத்து பக்கத்தில் போய் ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியாக ஊதினார். வல்லாரையின் ஒரு இலை ஆடியது. அது அவர் மூச்சுக் காற்று என்று மற்றவர்கள் ஆட்சேபித்ததால் அந்த அசைவு ரத்து செய்யப்பட்டது.

பதினோரு மணி வரைக்கும் பார்த்தார்கள். பூவாயிதான் கண்டுபிடித்தாள்.

"நாலு பேர் முறைச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தா எதுதான் அசையும்? எனக்கே யாராவது பார்த்துக்கிட்டிருந்தா டீ ஆத்த வராது. முதுகைக் காட்டி உட்காருங்க."

"மத்த மூணுக்கும் சரி. புல்லு மேல கண்ணு இருக்கணும்னு சொல்லியிருக்காரே," என்றார் மொக்கையன்.

"எத்தனை கண்ணு சொன்னாரு?"

"ஒரு கண்ணு."

"அப்புறம் என்ன. ஒரு கண்ணை வையுங்க. இன்னொண்ணை மூடிக்குங்க."

அப்படியே ஆயிற்று. மூன்று பேர் மேட்டைப் பார்த்தபடி உட்கார, மொக்கையன் மட்டும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் புல்லைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அந்த வழியாக வந்த அவர் மனைவி காத்தாயி தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறார் என்று நினைத்து, "இந்த வயசுல என்ன கேடு" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனாள். ஆனால் அன்றைக்கு வீட்டில் கருவாட்டுக் குழம்பு.

மார்கழிப் பனி இறங்கியது. குளிரைச் சோதிக்கிற நேரம் வந்துவிட்டது என்று தவசிமுத்து சொன்னார்.

"செடிக்குக் குளிருதான்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது? அது நடுங்காது, பல்லும் கிடையாது," என்றான் சடையாண்டி.

"பக்கத்துல ஒரு ஆளை நிறுத்துவோம். ஆளுக்கு எவ்வளவு குளிருதோ அவ்வளவுதானே செடிக்கும் குளிரும். ரெண்டு பேருக்கும் ஒரே பனி."

கம்பளியைக் கழற்றிவிட்டு மொக்கையன் தினமும் விடியும்போது செடிகளோடு வரிசையாக, ஐந்தாவதாக, கோட்டின் மேல் நின்றார். நாலாம் நாள் காய்ச்சலில் படுத்தார். சடையாண்டி நோட்டில் எழுதினான்: புதினா தாங்கியது. வல்லாரை தாங்கியது. ஸ்ட்ராபெரி தாங்கியது. புல் தாங்கியது. மொக்கையன் தாங்கவில்லை.

ஆகவே மொக்கையனை மேட்டில் நடுவதில்லை என்று கமிட்டி முடிவு செய்தது.

இதைக் கேள்விப்பட்டு அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கடைக்கு வந்தார். "என்னை மேட்டுல நடுங்கன்னு நான் கேட்டேனா?"

"கேட்டாலும் கிடையாது, மாமா," என்றான் சடையாண்டி. "முடிவு எழுதியாச்சு."

மொக்கையனுக்கு அது ரொம்ப நாள் மனதில் இருந்தது.

பந்தயம் சூடு பிடித்தது பதினைந்து நாள் கழித்துத்தான். ஒரு காலையில் புதினாவைப் பார்த்தால் இருந்த இடத்தில் இருந்தது. ஆனால் இரண்டாவது கோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு புதினா முளைத்திருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. சடையாண்டி விரலால் தோண்டிப் பார்த்தான். மண்ணுக்கு அடியிலேயே வேர் ஓடியிருந்தது.

"இது ஓட்டமா?" என்றார் தவசிமுத்து. "பெருச்சாளி மாதிரி சுரங்கம் வெட்டிக்கிட்டு வந்திருக்கு. நாளைக்கு மேட்டுல நட்டா எந்தப் பக்கம் போகும், எங்கே கிளம்பும், யார் கண்டது? நேர்மை இல்லாத செடின்னா இதுதான்."

புதினா விலக்கப்பட்டது. தண்டனையாகப் பூவாயி அதைத் துவையல் அரைத்தாள். எல்லோரும் ரொம்ப வருத்தத்தோடு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

வல்லாரை நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் எது எவ்வளவு தூரம் போனது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது தலைவர் பொறுப்பு. வல்லாரை தின்றால் ஞாபகம் நிற்கும் என்று யாரோ சொல்ல, தவசிமுத்து தினமும் நாலைந்து இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். ஒரு வாரத்தில் வல்லாரை எங்கே நின்றது என்பது அவருக்குத் துல்லியமாக ஞாபகம் இருந்தது. வல்லாரைதான் இல்லை.

மிச்சம் ஸ்ட்ராபெரியும் புல்லும். ஸ்ட்ராபெரி ஒரு நீளமான கொடியை நீட்டி, அதன் நுனியால் இரண்டாவது கோட்டைத் தொட்டது. சடையாண்டி குதித்தே விட்டான். அவன் ஸ்ட்ராபெரி பக்கம்.

"தொட்டாச்சு. முடிஞ்சது பந்தயம்."

"நுனிதானே வந்திருக்கு? செடி கிளம்பின இடத்துலயே நிக்குதே," என்றாள் பூவாயி. அவளுக்கு எந்தச் செடி ஜெயித்தாலும் சரி. ஆனால் தப்பான செடி ஜெயித்து மேடு சரிந்தால் செல்லக்கிளி சிரிப்பாள். "இப்ப நீ இங்கேயிருந்து கையை நீட்டி பஸ் கம்பியைத் தொட்டுட்டா, டவுனுக்குப் போய்ச் சேர்ந்துட்டியா?"

"அது வேற, அக்கா. கை நீண்டா உடம்பும் போன மாதிரிதான்."

பேச்சு வளர்ந்தது. அந்த நேரம் பார்த்து பஸ் வந்தது. பிரயாண விஷயமென்பதால் கண்டக்டரையே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார்கள். ஒரு ஆள் கால் தரையிலும் கை கம்பியிலும் இருந்தால் அவன் பஸ்ஸில் இருக்கிறானா, இல்லையா?

கண்டக்டர் டீயை உறிஞ்சியபடி, "டிக்கெட் எடுத்துட்டானா?" என்றார்.

ஸ்ட்ராபெரி டிக்கெட் எடுக்கவில்லை என்பதை யாராலும் மறுக்க முடியவில்லை. அது தோற்றது.

புல் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. தரையோடு தரையாக, கணுவுக்குக் கணு வேர் ஊன்றி, பனியில் நுனி பழுத்தாலும் அடியில் பச்சை விடாமல், மார்கழி கடைசியில் உடம்போடு கோட்டைத் தாண்டியது. அதற்கு ஒரு மாலை போட்டார்கள். மாலை கனத்தில் புல் தரையோடு அமுங்கிவிட்டது. வணங்குகிறது என்று மொக்கையன் சொன்னார்.

புல் ஜெயித்த செய்தியைக் கண்டக்டர் மூலம் செபஸ்தியானுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் பதில் வந்தது. "கணுக்கணுவாக் கிள்ளி, முழத்துக்கு ஒண்ணு நடுங்க. வேர் பிடிச்சுதான்னு அப்பப்ப பார்த்துக்குங்க." கண்டக்டர் கூடவே இன்னொரு செய்தியும் சொன்னார்:

"கீழே உங்க நாத்தனார் கடையில புது பெஞ்ச் போட்டிருக்காங்க, அக்கா. ரெண்டு."

பூவாயி அவர் டம்ளரை வாங்கி இன்னும் கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தாள். அவர் கேட்கவே இல்லை.

தை பிறந்ததும் மேடு முழுக்க முழத்துக்கு ஒன்றாக நட்டார்கள். மறுநாள் காலை வேர் பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் போனார்கள். வேர் மண்ணுக்குள் இருப்பதால், பிடுங்காமல் எப்படித் தெரியும்? பிடுங்கினார்கள். பிடிக்கவில்லை. திரும்ப நட்டார்கள். அடுத்த நாள் பிடுங்கினார்கள். அன்றும் பிடிக்கவில்லை.

"ஒரு நாள்கூடத் தவறாமப் பார்க்குறோம். அப்படியும் பிடிக்க மாட்டேங்குதே," என்றார் தவசிமுத்து.

"அப்பப்பன்னு சொன்னாரு. நாம ஒரு வேளைதான் பார்க்குறோம்," என்றாள் பூவாயி. பொறுப்பில்லாத ஆட்களோடு மாரடிக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. அன்றிலிருந்து காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளை பிடுங்கிப் பார்த்தார்கள். பிடுங்கிப் பிடுங்கி நைந்துபோன துண்டுகளைப் பூவாயி கூடையில் அள்ளிக்கொண்டு வந்து, டம்ளர் கழுவின தண்ணீரையும் டீத்தூள் சக்கையையும் கொட்டுகிற இடத்தில், பஸ் திரும்புகிற வெளியின் ஓரத்தில் எறிந்தாள். அதை யாரும் பார்க்கவில்லை. பிடுங்கவும் இல்லை.

தை முடிந்தது. மேடு மொட்டையாகவே இருந்தது. கீழே செல்லக்கிளி கடையில் பலகாரத்துக்குக் கண்ணாடி அலமாரி வந்துவிட்டதாகக் கண்டக்டர் சொன்னார். பூவாயிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தனியாக இருக்கும்போது, கடைசி வளைவில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற தன்னைச் செல்லக்கிளி, "என்ன மதினி, உள்ளே வந்து ஒரு டீ சாப்பிடுறது" என்று கூப்பிடுவதுபோலக் காதில் கேட்டது. அதுவும் அன்பாகக் கூப்பிடுவது போல. அதுதான் தாங்கவில்லை.

மாசி பத்துத் தேதி இருக்கும். டம்ளர் கழுவின தண்ணீரைக் கொட்டப் போனவள் கால் தடுக்கி உட்கார்ந்தாள். கீழே பார்த்தாள். பச்சை. கடை ஓரத்திலிருந்து பஸ் திரும்புகிற வெளி பாதி தூரத்துக்கு, மெத்தை போட்டதுபோலப் புல். ஒரு கொடி பெஞ்சின் காலைச் சுற்றிக்கொண்டு மேலே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

கமிட்டி ஓடி வந்தது. நால்வரும் புல்லையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"பச்சை இங்கே இருக்கு," என்றார் தவசிமுத்து.

"மேடு அங்கே இருக்கு," என்றான் சடையாண்டி.

"இதை வெட்டி மேல ஏத்திருவோமா?" என்றார் மொக்கையன்.

"ஒரு மாசமா ஏத்திப் பார்த்தாச்சு. இதுக்கு மேல ஏற மனசில்லை. மனசில்லாததைக் கட்டாயப்படுத்தினா வேர் பிடிக்குமா?" என்றாள் பூவாயி. பிறகு, அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும்படி, அடுத்த வார்த்தை வந்தது. "மேட்டை இறக்குவோம்."

இவ்வளவு நாள் இது ஏன் தோன்றவில்லை என்று ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேரையும் குறை நினைத்தார்கள்.

நாற்பது வீட்டிலிருந்தும் மண்வெட்டியும் கூடையும் வந்தன. பன்னிரண்டு நாள். பஸ் வந்து நிற்கிற நேரத்தில் மட்டும் நிறுத்தி டீ குடித்தார்கள். மேட்டை மேலிருந்து வெட்டி வெட்டி, வெளி முழுக்கப் புல்லின் மேல் அரைச் சாண் உயரத்துக்கு நிரவினார்கள். கடைசிக் கூடையைக் கொட்டியபோது மேட்டின் இடத்தில் பின்னாலிருந்த பாறை மட்டும் கழுவிவிட்டதுபோல நின்றது. பிறகுதான் சடையாண்டி ஒன்றைக் கவனித்தான்.

"புல்லு எங்கே?"

புல்லும் இல்லை. மேடும் இல்லை. பங்குனிக்கு ஏழெட்டு நாள்தான் இருந்தது. செபஸ்தியானிடம் சொல்லி அனுப்பினார்கள். "ஐயோ" என்று மட்டும் பதில் வந்தது. அதை எப்படிச் செய்வது என்று யாருக்கும் தெரியாததால், நால்வரும் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க ஐயோ என்று சொன்னார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிடுங்கிப் பார்க்கவும் ஒன்றும் இல்லை. பூவாயி அடுப்பைப் பற்றவைத்து, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரை மட்டும் வழக்கம்போல வெளியில் கொட்டினாள்.

ஆறாம் நாள் மண்ணைப் பிளந்துகொண்டு ஊசி ஊசியாகப் பச்சை வந்தது. எட்டாம் நாள் வெளி முழுக்க வந்துவிட்டது. அசந்தால் வீட்டுக்குள் வரும் என்று செபஸ்தியான் சும்மா சொல்லவில்லை. மொக்கையன் அன்றிரவு கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்தார்.

பங்குனி முதல் தேதி ஜீப் வந்து வெளிக்கு முன்னாலேயே நின்றது. இன்ஜினியர் அம்மா இறங்கி, மேடு இருந்த பக்கம் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"மேடு எங்கே?"

கமிட்டி பூவாயியைப் பார்த்தது. பூவாயி கீழே பார்த்தாள். கடைசி வளைவில் செல்லக்கிளி புது பெஞ்சின் மேல் ஏறி நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"கீழே படுத்திருக்குங்க, மேடம்," என்றாள். "மேடு பச்சையா இருக்கணும்னு சொன்னீங்க. நின்னுக்கிட்டிருந்தா பச்சை ஆக மாட்டேன்னுது. படுக்க வச்சோம்."

இன்ஜினியர் அம்மா பாறையைத் தட்டிப் பார்த்தார். குனிந்து புல்லைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. இழுத்தது சரியான முறைதான் என்று தவசிமுத்து தலையாட்டினார். சரிவதற்கு அங்கே இனி ஒன்றும் இல்லை என்பது இன்ஜினியர் அம்மாவுக்குத் தெரிந்தது. ரொம்ப நேரம் யோசித்தார். இந்த மேட்டை எடுக்கச் சொல்லி மூன்று வருஷமாக அவரே மேலதிகாரிகளுக்கு எழுதிக்கொண்டிருந்தார், பதில் வரவில்லை.

"பஸ் வரும்," என்றார்.

பூவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் கொடுத்த டீயை இன்ஜினியர் அம்மா குடித்துவிட்டு, இஞ்சி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அதைக் கீழே போய்ச் சொல்லுமாறு சடையாண்டியைப் பூவாயி உடனே அனுப்பி வைத்தாள்.

ஜீப்பில் ஏறும்போது இன்ஜினியர் அம்மா ஒன்று சொன்னார். "மண்ணு இன்னும் இளசா இருக்கு. ஒரு மாசத்துக்கு இந்தப் புல்லு மேல சக்கரம் ஏறக் கூடாது. டிரைவர் கடைசி வளைவுல வண்டியைத் திருப்பிக்கிட்டு, அங்கேயிருந்து ரிவர்ஸ்ல மேல வரட்டும். நேர் ரோடுதானே."

மறுநாள் பதினோரு மணிக்கு பஸ் முதுகைக் காட்டிக்கொண்டு ஊசிக்கரட்டுக்கு வந்தது. கண்டக்டர் பின்னால் நடந்துகொண்டே விசில் ஊதினார். தவசிமுத்துவும் தன் விசிலை எடுத்து ஊதினார். புல்லின் ஓரத்துக்கு ஒரு சாண் முன்னால் பஸ் நின்றது.

யாரும் இறங்கவில்லை. யாரும் ஏறவும் இல்லை.

உள்ளே ஊசிக்கரட்டுக்காரர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். முந்தின நாள் டவுனுக்குச் சளி மருந்து வாங்கப் போயிருந்த மொக்கையனும் அதில் ஒருவர்.

"இறங்குங்கய்யா, ஊர் வந்தாச்சு," என்றார் கண்டக்டர்.

"எங்கே வந்துச்சு?" என்றார் மொக்கையன். "வண்டி டவுனைப் பார்த்து நிக்குது. நானும் டவுனைப் பார்த்துதான் உட்கார்ந்திருக்கேன். டவுனுக்குப் போற வண்டியில ஊருக்கு வந்தவன் எப்படி இறங்குவான்?"

வெளியே காத்திருந்த பன்னிரண்டு பேரும் அதே அளவு ஜாக்கிரதையாக இருந்தார்கள். "பின்னாடியே வர்ற வண்டி. ஏறி உட்கார்ந்தா இன்னும் பின்னாடிதான் போகும். பின்னாடி பாறை," என்று அவர்களுக்காகத் தவசிமுத்து பேசினார்.

பூவாயி இரண்டு பக்கமும் கேட்டாள். இரண்டிலும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. இறங்காதவர்களுக்கு ஜன்னல் வழியாகவும், ஏறாதவர்களுக்குப் பெஞ்சிலும் டீ கொடுத்தாள். இருபது நிமிஷம் முடிந்ததும் டிரைவர் வண்டியைக் கிளப்பினார். உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே போனார்கள். வெளியே இருந்தவர்கள் வெளியேயே நின்றார்கள். மறுநாளும் அப்படியே. கடையில் இவ்வளவு கூட்டத்தை அவள் கண்டதே இல்லை.

ஐந்தாம் நாள் காத்தாயி தூக்குப்போணியில் சோறு கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். ஐந்து நாளாக டிப்போவுக்கும் ஊருக்குமாகப் போய் வந்ததில் மொக்கையனுக்குச் சளி விட்டிருந்தது. ஜன்னலோரத்தில் சௌகரியமாக உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு எப்பத்தான் வர்றதா உத்தேசம்?" என்றாள் காத்தாயி.

மொக்கையன் சாலையின் கீழ்ப்பக்கம் நீளமாகப் பார்த்தார்.

"என்னடி அவசரம்," என்றார். "முதல்ல பஸ் வரட்டும்."